சத்தமில்லாத லாடம்

எங்கள் சந்தில் சொரிமுத்துவைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. குதிரைக்காரர் என்று கேட்க வேண்டும். அப்போதும் நேரே கையைக் காட்டி, "போய்க்கிட்டே இரும், முட்டுத எடம்" என்பார்கள். தாராவியில் முட்டாத சந்து குறைவு. எங்கள் சந்து போய் முட்டுவது ஒரு தகரக் கொட்டகையில். அதற்குள் செம்பகம் நிற்கிறாள்.

செம்பகம் வெள்ளைக் குதிரை. வடக்கத்திக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் குதிரையில் வந்து இறங்குவதுதான் வழக்கம் என்பதால் இவளுக்கு நல்ல கிராக்கி. பாண்டுக்காரர்கள் இவளைச் சாந்தினி என்று கூப்பிடுவார்கள். நெற்றிச்சுட்டி கட்டி, ஜரிகைத் துணி போர்த்தி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திவிட்டால் வயது தெரியாது. அலங்காரத்தைக் கழற்றினால் கண்ணுக்கு மேலே குழி, தொய்ந்த முதுகு, தொங்கும் கீழுதடு எல்லாம் வெளியே வந்துவிடும். சந்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பவுடரைத் துடைத்தால் எல்லோரும் அப்படித்தான் என்று விஜயராணி திருப்பிக் கொடுப்பாள். விஜயராணி சொரிமுத்துவின் மனைவி. வீட்டிலிருந்தே தோல் பை தைக்கிறாள். நாக்கும் ஊசிதான்.

சொரிமுத்துவுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. இளவயதில் தோல் கிடங்கில் சுமை தூக்க வந்தவர். ஒரு கல்யாண ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்ட குதிரையை விட்டுவிட்டு அதன் ஆள் ஓடிப்போக, ரோட்டோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவர் போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த கயிறுதான். அந்தக் குதிரை போய், வேறொன்று வந்து, கடைசியில் செம்பகம் இவருக்கே சொந்தமானாள். இதில் வேடிக்கை, மனிதர் இன்றுவரை குதிரை மேல் ஏறியதில்லை. "நான் எதுக்குவே ஏறணும், நானா மாப்பிள்ள?" என்று கேட்பார்.

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர்வலம் நாலு அடி நகரும், அரை மணி நேரம் நிற்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் குதிரையின் மூக்குக்கு நேரே குதித்து ஆடுவார்கள். டோல் அடிக்கிறவன் அவள் காதுக்குள்ளேயே அடிப்பான். சொரிமுத்து தன் தோளை அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அவர் அங்கே இருக்கிற வரைக்கும் அவள் அசைய மாட்டாள். கல்யாண வீட்டில் கொடுக்கும் லட்டைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வந்து, திரும்பும் வழியில் இருவரும் பாதிப் பாதி தின்பார்கள். விஜயராணிக்கு லட்டு வந்ததே கிடையாது. அதை அவள் சொல்லாமல் விட்ட நாளும் கிடையாது.

சந்தின் அகலத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. செம்பகம் உள்ளே வந்தால் அவள் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரு கை அகலம்தான் மிச்சம். நடுவில் திரும்ப முடியாது. கொட்டகைக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். எதிரே தள்ளுவண்டி வந்து, வண்டிக்காரனும் முரண்டு பிடித்தால், இவள் பின்புறமாகவே நடந்து வழி விடுவாள். அதைப் போனில் படம் பிடிப்பதற்கென்றே வெளியாட்கள் வந்ததுண்டு. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். என் இஸ்திரி மேசை வாசலில் கிடக்கிறது. கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறெங்கே போவது?

கொட்டகை நிற்கும் இடம் வேல்ராஜ் அண்ணாச்சியுடையது. பழைய பிளாஸ்டிக்கை வாங்கித் தரம் பிரித்து விற்கிறவர். வீட்டைச் சுருக்கிக் கிடங்கைப் பெருக்கியவர். வசதி இருந்தும் குடும்பத்துக்கு ஒரே அறைதான், மற்றதெல்லாம் சரக்கு. கொட்டகைக்கு வாடகை வேண்டாம், சும்மா வைத்துக்கொள் என்று பல வருஷத்துக்கு முன்னால் சொன்னவர், இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொரிமுத்துவுக்கு வாயாவது இருந்திருக்கும். சும்மா கிடைத்த இடத்தில் நிற்கிறவன் தும்முவதற்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சியின் வீடு என் மேசைக்கு நேர் எதிரே. அவர் மனைவி சண்முகவடிவு மதினிக்குப் போன மழைக்காலத்தில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து படுக்கைதான். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஜன்னலில் கொசுவலையும் அதன்மேல் ஒரு பழைய புடவையும் தொங்கியதால் ஆள் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும்.

தீபாவளி கழிந்து கல்யாண சீசன் தொடங்கிய சமயம், அண்ணாச்சி டீக்கடையில் வைத்துச் சொரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்க மதினிக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் கெடையாது. நீரு குதிரையப் பிடிச்சிட்டு வரும்போது அந்த டக்கு டக்கு சத்தம் வேற. ஏதாது பண்ண முடியுமான்னு பாரும்."

அவ்வளவுதான் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். முடியாது என்று ஒரு பதில் உண்டு என்பதே சொரிமுத்துவுக்குத் தோன்றவில்லை. "பண்ணிருதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

லாடம் அடிக்கிற ஷௌகத் பாயைக் கூப்பிட்டார். இரும்பைக் கழற்றிவிட்டு ரப்பர் லாடம் அடிக்கலாம், பூனை மாதிரி வருவாள் என்று அவர் சொன்னார். செம்பகத்தின் குளம்பு பின்பக்கம் உயரமாக வளர்ந்திருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த உயரத்தில் நடந்து பழகியவள். ரப்பர் அதில் தட்டையாக உட்காரவில்லை. ஷௌகத் பாய் அரத்தை எடுத்துப் பின்பக்கத்தை நன்றாக ராவிச் சமமாக்கி, ஆணி அடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியது சந்தில் யாருக்குமே தெரியவில்லை. மறுநாள், "நம்ம குதிரை வந்துச்சா, இல்ல கல்யாண வீட்லயே தங்கிட்டா?" என்று அண்ணாச்சி கேலி பண்ணினார். சொரிமுத்து பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நெளிந்தார். எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய உருவம் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து மூச்சு விட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

கொஞ்ச நாளில் செம்பகம் மாறினாள். கொட்டகைக்குள் வலது முன்னங்காலை முன்னே நீட்டிவைத்துக்கொண்டு நிற்பாள். கிளம்பும்போது முதல் சில அடிகளைத் தயங்கித் தயங்கி வைப்பாள். சொரிமுத்துவுக்கும் முட்டிவலி உண்டு. தன் வலியை வைத்தே அவள் வலியையும் எடைபோட்டார். வயதானால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினார். தனக்குத் தேய்க்கும் தைலத்தை அவள் தோளில் தேய்த்தார். விஜயராணி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். தினமும் விடிந்ததும் சயான் வரைக்கும் கூடுதலாக ஒரு நடை கூட்டிப்போய்வந்தார். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வலிக்காத இடத்துக்கு வைத்தியம் பார்த்து, வலிக்கிற காலாலேயே இன்னும் அதிகமாக நடக்கவைத்தார்கள். அவ்வளவு பாசமாக ஒரு தப்பைச் செய்ய இவர்களால்தான் முடியும்.

ஒரு சாயங்காலம் அவளை ஜோடித்து வெளியே அழைத்துவரும்போது எதிரே டிரம் ஏற்றிய தள்ளுவண்டி வந்துவிட்டது. வழக்கம்போல் சொரிமுத்து அவள் மார்பில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினார். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது. அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி தள்ளினார். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாளே தவிர, அசையவில்லை.

தள்ளுவண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்தது. குடத்தோடு பெண்கள் வந்தார்கள். வேலை விட்டு வருகிற கூட்டம் சேர்ந்தது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. நெற்றிச்சுட்டி ஆட, ஜரிகைக்குக் கீழே வேர்த்து வழிய, அண்ணாச்சி வீட்டு ஜன்னலுக்கு நேரே அவள் நின்றாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவன் இந்தியில் அவளை அடிக்கச் சொன்னான். சொரிமுத்து அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அவள் வலது குளம்பைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி தொட்டார். சுட்டிருக்கிறது. தோளுக்குத் தைலம் தேய்த்த மனிதருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரனோடு சண்டைக்குப் போனேன். கடைசியில் டிரம்களை என் வாசலில் இறக்கி, வண்டியை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வழி செய்தோம். அன்றைக்கு அந்த மாப்பிள்ளை காரில் போயிருப்பான்.

மறுநாள் ஷௌகத் பாய் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு "பூடி ஹை, அண்ணா" என்று ஆரம்பித்தார். கிழவி என்று சொன்னார். இரும்பு என்றால் ரோட்டில் இம்மியளவு வழுக்கிவிட்டுத்தான் நிற்கும், ரப்பர் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், அந்த உதறல் முழுக்கக் காலுக்குள் போகிறது என்றார். புது ரப்பர் செருப்போடு மொசைக் தரையில் விரைவாக நடந்தால் கால் நின்று முட்டி முன்னால் போகுமே, அது மாதிரி. அதோடு பின்பக்கத்தை ஒரேயடியாக ராவி இறக்கியதில் காலின் பின்நரம்பு இழுபடுகிறது. இளசு என்றால் பழகிக்கொள்ளும், இவளால் முடியவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது என்று காதைத் தொட்டுக்கொண்டார்.

"திரும்ப இரும்பையே அடிங்க" என்றார் சொரிமுத்து.

அடிக்கலாம், பின்பக்கம் தோல் வைத்து உயர்த்தியும் அடிக்கலாம், ஆனால் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள் என்றார் ஷௌகத் பாய். குளம்பின் ஓரமெல்லாம் பழைய ஆணி ஓட்டை. இன்னும் ஒரு தடவைதான் ஆணி தாங்கும். அதற்குப் பிறகு குளம்பு வளர்ந்து இறங்க மாதக்கணக்கில் ஆகும். இரும்பை அடித்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று மறுபடி ரப்பருக்கு மாற்ற வந்தால் குளம்பு பிளந்துவிடும். வெறுங்காலோடு விடலாமா என்று கேட்டதற்கு, இந்த ரோட்டிலா என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரும்பு அடித்தால் இடம் போகும். அடிக்காவிட்டால் கால் போகும். சொரிமுத்து என் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, மடித்து வைத்த சட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மான்குர்த்தில் மண் தரையோடு குதிரைக் கொட்டகை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம், கொஞ்ச காலம் அங்கே கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தார். நொண்டிக் குதிரையை வாசலில் கட்டினால் என் வியாபாரம் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். டோம்பிவிலிப் பக்கம் ஒருவன் பழைய குதிரைகளை வாங்குவதாக யாரோ நம்பர் கொடுத்தார்கள். அவன் வயது என்ன என்று கேட்கவில்லை. எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். அந்த நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டுத்தான் சொரிமுத்து அதை என்னிடம் சொன்னார்.

பாண்டுக்காரர்கள் வேறு குதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். சொரிமுத்து பழையபடி தோல் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். இளவயதில் விட்ட வேலை அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. என் காது கேட்கத்தான் சண்டை போட்டாள்.

"அண்ணாச்சிட்ட போயி ரப்பர் சேரலன்னு சொல்லுங்க. வாய் இருக்குல்லா?"

"என்னன்னு சொல்ல? ஒங்க வீட்ல தூங்கணும்னு பாத்ததுல எங் குதிரை நொண்டுதுன்னா?"

"ஆமா, அப்படியேதான் சொல்லணும்."

"மதினி முதுகு அறுத்துக் கெடக்காவ, ராணி. அவிய பெருசா குதிரை பெருசான்னு கேட்டா நான் என்னத்த சொல்ல?"

விஜயராணி மிஷினில் போய் உட்கார்ந்தாள். வெட்டிப்போட்ட தோல் துண்டுகளைச் சேர்த்து, குளம்புக்கு நாலு உறை தைத்தாள். இரும்பு அடித்துவிட்டு, சந்துக்குள் வரும்போது மட்டும் மாட்டலாம் என்று யோசனை. ஷௌகத் பாயிடம் காட்டினார்கள். ஈரத்தில் தோல் வழுக்கும், ஒரு தடவை விழுந்தாள் என்றால் எழ மாட்டாள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் சந்தில் தரை என்றைக்குக் காய்ந்திருக்கிறது? அந்த நாலு உறையும் இன்னும் அவள் தையல் மிஷினுக்குக் கீழேதான் கிடக்கின்றன.

ஒருநாள் காலையில் சொரிமுத்து செம்பகத்தை மெதுவாக நடத்திச் சந்து முனைக்குக் கொண்டுபோனார். என் மேசையைத் தாண்டும்போது நின்று, "எடம் போனா ரோட்டுல கெட்டுவேன். காலு போனா இவள எங்கன கெட்ட?" என்றார். முனையில் ஷௌகத் பாய் ரப்பரைக் கழற்றிவிட்டு, தோல் வைத்து இரும்பை அடித்தார். கடைசி ஆணி இறங்கும்போது சொரிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மத்தியானத்தில் மஸ்ஜித் பந்தருக்குச் சரக்கு விஷயமாகப் போவார். அவர் போன பிறகு உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று சொரிமுத்து முனையிலேயே வெயிலில் குந்தியிருந்தார். அண்ணாச்சியின் ஸ்கூட்டர் வெளியே போனது. ஹெல்மெட்டோடு ஓட்டிக்கொண்டு போனது அவருடைய ஆள், அண்ணாச்சி வீட்டில்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் கையைத் தூக்கிக் காட்டுவதற்குள் செம்பகம் சந்துக்குள் தலையை விட்டுவிட்டாள். தலையை விட்டால் பிறகு கொட்டகைதான்.

டக். டக். டக். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம் இரண்டு சுவரிலும் மோதிக்கொண்டு வந்தது. கதவுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. சொரிமுத்து யாரையும் பார்க்காமல் குனிந்தபடி நடந்தார். அண்ணாச்சி வீட்டு ஜன்னலில் புடவை அசைந்தது.

"யாரு, சொரிமுத்துவா?"

அவர் நின்றுவிட்டார். செம்பகமும் நின்றாள்.

"ஆமா மதினி. மன்னிச்சிக்கிடுங்க. இப்பமே கொண்டு கெட்டிருதேன்."

"செம்பகமா அது?"

"ஆமா."

உள்ளே மதினி இருமினாள்.

"அது செத்துப் போச்சுன்னுல்லா நெனச்சேன், தம்பி."

சொரிமுத்து கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சத்தத்தையே காணல. அன்னிக்கு ஜன்னலுக்கு முன்னால ஒரே கூச்சலு, அதோட விழுந்துட்டு போலன்னு நெனச்சேன். யார்ட்டயும் கேக்க மனசு வரல. ஆமா செத்துட்டுன்னு சொல்லிட்டா? ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுத்தான கெடக்கேன். அது வருத சத்தம் கேட்டா, சரி, சொரிமுத்து வந்தாச்சு, இனி விடிஞ்சிரும்னு நெனச்சுக்கிடுவேன். அதும் நின்னு போச்சா, பொறவு விடியவே மாட்டேங்குது."

வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் கஞ்சி டம்ளர். அவளுக்கு ஊட்டுவதற்காக ஆற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்திருந்த கோபம் எல்லாம் அந்த டம்ளரைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. பெண்டாட்டியின் வலிக்கு ஒன்றும் செய்ய முடியாத மனிதர், தன்னால் நிறுத்த முடிந்த ஒன்றே ஒன்றைத் தேடி நிறுத்தியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும்தான் தோன்றவில்லை.

"ஆனா ஒரு காலு சரியா விழலியே" என்றாள் மதினி உள்ளிருந்து. "மூணு நல்லா கேக்கு. நாலாவது தொட்டுட்டு எடுக்கு. என்னாச்சு அதுக்கு?"

சொரிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அது அந்த ஜன்னலுக்குள் போய், படுத்துக்கிடக்கிறவளின் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவளால் அதைத் தள்ளிவிட்டு எழுந்து எங்கே போக முடியும்?

"கல்லு குத்திட்டு மதினி" என்றார் சொரிமுத்து. "சரியாயிரும்."

"பாத்து நடத்துங்க தம்பி. வாயில்லாத சீவன்."

மறுநாள் அண்ணாச்சியின் ஆட்கள் கொட்டகையில் மூட்டை மூட்டையாக மணல் கொண்டுவந்து பரப்பினார்கள். யார் சொன்னது என்று சொரிமுத்து கேட்கவில்லை. இரும்பைப் பற்றி அண்ணாச்சியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்கிள் டீ குடித்துவிட்டு, பேசாமல் எழுந்து போகிறார்கள்.

சொரிமுத்து மூட்டை தூக்கிவிட்டு வந்ததும் சாயங்காலம் ஒரு தடவை செம்பகத்தைச் சந்து முனை வரைக்கும் நடத்திக் கூட்டிவருகிறார். கொஞ்சம் தேவலை என்கிறார் ஷௌகத் பாய். கல்யாணத்துக்குப் போவாளா என்றால் மேலே கையைக் காட்டுகிறார். ஜன்னலைத் தாண்டும்போது சொரிமுத்து நடையை மெதுவாக்குவார். உள்ளே மதினி எண்ணுகிறாள். என் மேசை வரைக்கும் அது கேட்கிறது.

"இன்னிக்கும் மூணுதான், தம்பி."

"ஆயிரும் மதினி."

அப்போது அண்ணாச்சி வாசல்படியில் இருந்தால், எழுந்து உள்ளே போய்விடுவார். உள்ளே இருப்பது ஒரே அறை. அதில்தான் மதினியின் கட்டில் கிடக்கிறது.